எம்.டி. ஜீரோவைத் தேடியவர்

சாலிகிராமத்து எடிட்டிங் ஸ்டுடியோ ஒன்றில் குருவுக்கு வயது இருபத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தொன்று. குரு யாஸ்மின். சீடர் தேவசகாயம், இருபது வருஷம் ஷூட்டிங் ஜெனரேட்டர் வண்டியில் இருந்துவிட்டு, முதுகு ஒத்துழைக்காமல் கம்ப்யூட்டர் சர்வர் பார்க்க வந்தவர்.

அன்று மாலை ஆறு மணிக்கு பிரிவியூ தியேட்டரில் தயாரிப்பாளருக்குப் படம் காட்ட வேண்டும். முடித்த படம் முழுக்க ஒரே சர்வரில், நான்கு டிஸ்க்குகளில் பரவிக் கிடந்தது. வேறு பிரதி எடுக்க நேரமில்லையாம். எந்த ஸ்டுடியோவில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

மூன்று மணிக்கு சர்வரைப் போட்டார் தேவசகாயம். பாதியில் நின்றுவிட்டது.

'எம்.டி. ஜீரோ இல்லை' என்றது திரை. நான்கு டிஸ்க்கும் சேர்ந்த தொகுப்புக்கு அவர் எழுதி வைத்திருந்த பெயர் அது.

அவர் கீபோர்டை இழுத்துக்கொண்டார். இணையத்தில் யாரோ சொன்னபடி, எம்.டி. ஜீரோவைப் புதிதாக உருவாக்கும் கட்டளையை அடித்தார். விரல் எண்டருக்குப் போனது.

"கையை எடுங்கண்ணே!"

யாஸ்மின் ஓடிவந்து அந்த வரியை அழித்தாள்.

"படம் போச்சு மேடம்!"

"முதல்ல மெஷினுக்குள்ள யார் வந்திருக்காங்கன்னு பார்ப்போம்."

ஒரு வரி அடித்தாள். திரையில் எம்.டி. நூற்று இருபத்தேழு என்று ஒன்று வந்தது. அதற்குள் நான்கு டிஸ்க்குகளும் நலமாக இருந்தன.

"இது யாரு மேடம், புதுசா?"

"நம்ம ஆளுதான். மெஷின் தானா ஒரு பேரு வச்சிருக்கு."

தேவசகாயம் எம்.டி. ஜீரோ என்று எழுதியிருந்த இடத்திலெல்லாம் அதை எடுத்துவிட்டு, ஒரு நீளமான எண்ணைப் போட்டாள். சர்வர் கண் விழித்ததும் முதலில் படிக்கும் கோப்பையும் புதுப்பித்தாள்.

"இதை விட்டா, எழுந்ததும் பழசையே படிக்கும்."

பிறகு சர்வரை அணைத்து, நான்கு டிஸ்க்குகளையும் உருவினாள். அவர் ஒன்று, இரண்டு என்று ஒட்டியிருந்த டேப்பையெல்லாம் கிழித்துப் போட்டாள்.

"ஐயோ மேடம், வரிசை மாறிடும்!"

"மாறட்டும். சர்வரைத் தியேட்டருக்கு டிஸ்க்கைக் கழட்டித்தான் எடுத்துட்டுப் போகணும். அங்க நீங்க தனியா மாட்டணும். இப்பவே கலைச்சு மாட்டுங்க."

யேசப்பா யேசப்பா என்றபடி கைக்கு வந்ததை வந்த இடத்தில் செருகினார். சுவிட்சைப் போட்டார். மின்விசிறி இரைந்தது. நான்கு பச்சை விளக்குகள் எரிந்தன. படத்தின் முதல் ஷாட் திரையில் வந்து நின்றது.

முதுகு வலியை மறந்து குதித்தே விட்டார் மனிதர்.

"எங்க மாட்டினாலும் ஒண்ணையொண்ணு எப்படி மேடம் கண்டுபிடிக்குது?"

"நான் இப்ப போட்ட அந்த நீள நம்பர்தான் நாலுக்குள்ளயும் இருக்குண்ணே. சேர்த்த அன்னிக்கே உள்ள எழுதினது."

"அப்ப படம் இவ்வளவு நேரமும் உள்ளதான் இருந்துச்சா?"

"உள்ளதான் இருந்துச்சு."

தேவசகாயம் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் எண்டர் தட்டியிருந்தா?"

"எம்.டி. ஜீரோ வந்திருக்கும்ண்ணே. காலியா."