மூணாவது தும்மல்

ஒரு ஆஸ்பத்திரியில ஒரு சர்வர் பெட்டி இருந்துச்சு. எந்த ரத்தம் எந்த அலமாரியில இருக்குங்கிற விவரமெல்லாம் அதுக்குள்ளதான். அதனால அதை ஒரு நிமிஷம்கூட நிறுத்தக் கூடாது. அந்த விவரத்தையெல்லாம் ஞாபகம் வெச்சுக்க உள்ள நாலு டிஸ்க் குடியிருந்தாங்க.

அதுல மூணாம் நம்பர்தான் மிமிக்ரி ஆளு. பழைய இன்ஜினியர் அருளப்பன் மாதிரியே தும்மிக் காட்டுவான். ஏசி ரூமுக்குள்ள நுழைஞ்சா அருளப்பனுக்கு மூணு தும்மல். மொத ரெண்டும் பட்டுபட்டுன்னு வந்துடும். மூணாவது வராது. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாங்க. இனிமே வரவே வராதுன்னு நெனைக்கிற நேரம் பாத்து ஒண்ணு விடுவான் பாருங்க, மத்த மூணு பேரும் சிரிச்சு சூடாகி, ஃபேன் எகிறிச் சுத்தும்.

ஒருநாள் காலையில அவன் முன்னாடி, பழுதுன்னு காட்டுற ஆரஞ்சு லைட் எரிஞ்சுது.

"என்னடா, நெத்தியில பொட்டு?"ன்னான் ஒண்ணாம் நம்பர்.

"கல்யாணக் களைண்ணே."

சிரிச்சாங்க. ஆனா ரெண்டு வாரமா தனக்குத் திக்குதுன்னு அவனுக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு இன்ஜினியர் இன்பவல்லி வந்தா. காதுல ஃபோன், அந்தப் பக்கம் ரத்தம் குடுக்குற ஜன்னல்ல இருக்கிற தேவகி. "தேவகியக்கா, ஜன்னலை மூட வேணாம். ஓடிட்டிருக்கும்போதே மாத்திடுறேன். புதுசு எல்லாத்தையும் வாங்கிக்கிட்டா பச்சை எரியும். எரியலைன்னா பழசையே திரும்பச் சொருகிடுறேன். அது இன்னும் கொஞ்ச நாள் ஓடும்."

கொக்கியை அழுத்தி மூணாம் நம்பரை உருவினா. ரேக் மேல வெச்சா. அங்க ஏற்கெனவே தூசி படிஞ்ச டிஸ்க் ஒண்ணு கிடந்துச்சு.

'நான் இல்லாம ஒரு நிமிஷம் தாங்குதா, பாப்போம்'னு மூணாம் நம்பர் காதைத் தீட்டிக்கிட்டான்.

எதுவும் நிக்கல. ஃபேன் சத்தம்கூட மாறல.

அவன் இடத்துல புது ஆள் உக்காந்தான். பேச்சில்லாத ஆள். ஒவ்வொருத்தன் வயித்துலயும் மத்தவங்களோட ஞாபகத் துணுக்கு கொஞ்சம் இருக்கும். மூணு பேரும் மூணாம் நம்பரோட துணுக்கை எடுத்து முணுமுணுன்னு அவன் காதுல ஓத ஆரம்பிச்சாங்க.

கொஞ்ச நேரத்துல உள்ள யாரோ தொண்டையைச் செருமினாங்க. மூணாம் நம்பரோட செருமல் அது.

"கல்யாணக் களைண்ணே."

ஒண்ணாம் நம்பர் அதே இடத்துல சிரிச்சான்.

அதைக் கேட்டு மூணாம் நம்பர் மறுபடியும் காதைத் தீட்டிக்கிட்டான்.

"ஹச்." உள்ளேருந்து. "ஹச்."

அப்புறம் ஒண்ணுமில்ல.

இன்பவல்லி ஸ்க்ரீன்ல தொண்ணூத்தொம்பது சதவீதம். நகரல. ரெண்டு நிமிஷம் பாத்தா, மூணு நிமிஷம் பாத்தா. உதட்டைப் பிதுக்கிக்கிட்டு ரேக் மேல கையை நீட்டினா.

மூணாம் நம்பர் வாயை இறுக்கி மூடிக்கிட்டான். மூணாவது தும்மல் வராம இன்னும் ஒரு நொடி போனா, திரும்ப வீடு.

"ஹச்சூ."

பக்கத்துலேருந்து. அவனோட குரல்ல. சரியா அந்த இடத்துல.

உள்ள நாலு பேரும் சிரிச்சாங்க. பச்சை எரிஞ்சுது. நீட்டின கை திரும்பிப் போச்சு.

"முடிஞ்சுதுக்கா. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க."

"ஏன்யா கெடுத்தே?"ன்னு மூணாம் நம்பர் தூசி டிஸ்க்கைப் பாத்துக் கேட்டான்.

"ஜன்னல்ல ஆளுங்க நிக்குறாங்கல்ல. அதோட, அந்த இடத்துல வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியல தம்பி."

"என் தும்மலை எங்க கத்துக்கிட்டே?"

"நீ அருளப்பனைப் பாத்திருக்கியா?"

மூணாம் நம்பர் யோசிச்சான். அவன் வந்த நாள்லேருந்து இன்பவல்லிதான். "பாத்ததில்ல. ஆனா நல்லா ஞாபகம் இருக்கு."

"எனக்கும் நல்லா ஞாபகம் இருக்கு"ன்னான் தூசி டிஸ்க். "நானும் பாத்ததில்ல. எனக்குப் பதிலா நீ உள்ள போன அன்னைக்கு நான் இங்கதான் வாயை மூடிக்கிட்டுக் கிடந்தேன். எனக்குப் பக்கத்துல ஒருத்தர் இருந்தார்."

அதுக்கு மேல பேச நேரமில்ல. இன்பவல்லி தூசி டிஸ்க்கை எடுத்துக் குப்பை அட்டைப்பெட்டியில போட்டுட்டுக் கதவைச் சாத்தினா.

மூணாம் நம்பர் மேல தூசி விழ ஆரம்பிச்சுது.

எவ்வளவு நாளோ. திரும்பவும் கதவு திறந்துச்சு. அவன் பக்கத்துல இன்னொரு டிஸ்க்கை வெச்சாங்க. சூடு ஆறாத டிஸ்க்.

'நான் இல்லாம ஒரு நிமிஷம் தாங்குதா, பாப்போம்'னு அது முனகுச்சு. மூணாம் நம்பரோட குரல்.

உள்ளேருந்து "ஹச்." "ஹச்."

கை ஒண்ணு ரேக் மேல நீண்டுச்சு. பக்கத்து டிஸ்க் வாயை இறுக்கி மூடிக்கிச்சு.

மூணாம் நம்பர் அவசரப்படல. இனிமே வரவே வராதுன்னு எல்லாரும் நெனைக்கணும். அப்பத்தான்.