கோல் போடாத முயலும் கொய்யாப்பழக் கிளிகளும்

பொட்டல்காட்டில் சுழியன் என்று ஒரு முயல் இருந்தான். கோடையில் ஏரி வற்றியதும் அந்த ஏரித்தரையில்தான் விலங்குகள் எல்லாம் கால்பந்து ஆடும். தூக்கணாங்குருவிகள் கோரைப்புல்லில் பின்னிக் கொடுத்த பந்து. அது சுழியனின் காலுக்கு வந்துவிட்டால் போதும், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இடப்பக்கம் போவதுபோல் காட்டுவான், வலப்பக்கம் போயிருப்பான். கீரிப்பிள்ளை பாய்ந்தால் கீரிக்கு அல்வா. மான் மறித்தால் மானுக்கும் அல்வா. உடும்பு மட்டும் அவனிடம் ஏமாந்ததே இல்லை. உடும்பு நகர்ந்து வருவதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

கரையில் கூட்டம் எம்பி எம்பிக் குதிக்கும். குரங்குகள் தொண்டை கிழியக் கத்தும்.

"ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

உடனே சுழியன் என்ன செய்வான் தெரியுமா? திரும்பி வருவான்! தாண்டிப் போன கீரியிடமே பந்தைக் கொண்டுவந்து, அதன் மூக்குக்கு முன்னால் காட்டிவிட்டு, மறுபடியும் தாண்டுவான். சொந்தக் காட்டில் இதனால் ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. எதிரே ஆடுகிறவர்களே சிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில், போனால் போகிறது என்று சுழியன் ஒரு கோலைப் பின்னங்காலால் தட்டிவிடுவான்.

"இவன் பெரியகாட்டு டீமுக்குத்தான் போகப்போறான், பாரு!" என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்லிச் சொல்லி, சுழியன் அதற்கேற்ற நடையே நடக்க ஆரம்பித்துவிட்டான். நெஞ்சை நிமிர்த்தி, காதை விறைப்பாக வைத்துக்கொண்டு, யார் கூப்பிட்டாலும் கொஞ்சம் தாமதமாகத் திரும்பிப் பார்க்கிற நடை அது.

அவர்கள் சொன்னது பொய்யாகவில்லை. பெரியகாட்டு அணிக்கு ஆள் எடுப்பவள் அங்கம்மா என்கிற யானை. ஒருநாள் அவள் பொட்டல்காட்டுக்கு வந்து, ஒரு புளியமரத்து நிழலில் நின்று ஆட்டத்தைப் பார்த்தாள். சுழியன் மானைத் தாண்டினான். கீரியைத் தாண்டினான். உற்சாகத்தில் சொந்த அணி முள்ளம்பன்றியையும் தாண்டினான்!

"அடேயப்பா! இப்படி ஒரு காலை நான் பார்த்ததே இல்லை!" என்றாள் அங்கம்மா. "வர்றியாடா எங்க டீமுக்கு?"

"வர்றேன்! இப்பவே வர்றேன்!"

பொட்டல்காடே திரண்டு வழியனுப்பியது. மரங்கொத்திகள் மேளம் கொட்டின. முள்ளம்பன்றி கட்டிப்பிடிக்க வந்தது. சுழியன் நாசூக்காக ஒதுங்கிக்கொண்டான்.

"ஜெயிச்சு மாலையோடதான் திரும்பி வருவேன்! இல்லேன்னா இந்த மூஞ்சியை உங்ககிட்ட காட்ட மாட்டேன்!" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனான். இப்படியெல்லாம் கூட்டத்தில் சொல்லி வைக்கக் கூடாது. ஆனால் அந்த நேரத்தில் யாருக்குத்தான் வாய் நிற்கிறது?

பெரியகாட்டில் பயிற்சி அவனுக்குப் பிடிக்கவே இல்லை. ஓடு, பந்தைத் தட்டு, கோலில் அடி. மறுபடி ஓடு, தட்டு, அடி. கைதட்ட ஒரு ஈ காக்கா கிடையாது. அணித் தலைவன் கொம்பையன் ஒரு காட்டுப்பன்றி. கொம்பையனுக்கு வித்தை ஒன்றும் தெரியாது. பந்தைக் கண்டால் கோல் இருக்கிற திசையில் ஓங்கி உதைப்பான், அவ்வளவுதான். பாதி நாள் அது போய் மரத்தில் மாட்டிக்கொள்ளும்.

"இவரா தலைவர்!" என்று சுழியன் மீசைக்குள் சிரித்துக்கொண்டான்.

அங்கம்மா அதைக் கவனித்தாள். "சுழியா, நாலு பேரைத் தாண்டுறே, சரி. தாண்டி எங்கே போறேன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்குங்க, இருக்குங்க," என்றான் சுழியன், தரையில் விழுந்த தன் நிழல் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே.

முதல் ஆட்டம் பள்ளக்காட்டு அணியோடு. பள்ளக்காடு எப்போதும் தோற்கிற அணி. அதற்குப் பயிற்சி கொடுப்பவர் மாசாணம் என்கிற நரி. கோலில் நிற்பது ஒரு தடித்த கரடி.

சுழியன் பந்தை வாங்கினான். அவ்வளவுதான்! ஒருவர் விடாமல் கண்ணில் விரலை விட்டு ஆட்டினான். கரடி பாய்ந்தது, தொப்பென்று குப்புற விழுந்தது. எதிரே கோல் திறந்து கிடந்தது. ஒரு தட்டுத் தட்டினால் போதும்.

அப்போது கரையிலிருந்து ஓர் அணில் குஞ்சு ஆசை தாங்காமல் கத்தியது: "ஒன்ஸ்மோர்!"

சுழியனின் காது துடித்தது. பந்தோடு திரும்பினான்! கரடி எழுந்திருக்கும் வரை மரியாதையாகக் காத்திருந்து, இன்னொரு தடவை விழவைத்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. அதற்குள் மற்றவர்கள் ஓடிவந்து மறித்துக்கொண்டார்கள். பந்து எங்கேயோ போனது. நல்லவேளையாக, கொம்பையன் கண்ணை மூடிக்கொண்டு உதைத்த ஒரு பந்து கோலுக்குள் போய் விழ, பெரியகாடு ஜெயித்தது.

எல்லோரும் சுழியனைப் பற்றியே பேசினார்கள். கோல் போட்ட கொம்பையனை ஒருவரும் கேட்கவில்லை.

பள்ளக்காட்டில் கரடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. "மாசாணண்ணே, அந்த முயலை எப்படிண்ணே பிடிக்கிறது? விழுந்து எந்திரிச்சு என் இடுப்பே போச்சு!"

நரி வாலைத் தடவிக்கொண்டே சிரித்தது. "அட மண்டு, எதுக்குப் பிடிக்கணும்? அவன்தான் தானா திரும்பி வர்றானே!"

"யாராவது கத்துனாத்தானே வர்றான்?"

"அப்போ கத்த ஆள் வைப்போம்! அவன் எந்தக் காட்டுல ஆடினாலும் கத்தட்டும், பெரியகாடு தோத்தாத்தான் நாம மேல வர முடியும்!"

பள்ளக்காட்டின் ஓரத்தில் ஒரு கொய்யாத் தோப்பு உண்டு. நரி நேரே அங்கே போய்க் கிளிகளைக் கூட்டியது.

"முயல் கோலுக்குப் பக்கத்துல வந்தா, 'ஒன்ஸ்மோர்'னு கத்தணும். கத்துனா, இந்தத் தோப்புக் கொய்யா பூராவும் உங்களுக்கு. குரங்கு எதுவும் கிட்ட வராம நான் பார்த்துக்கறேன்."

"பழம் கனிஞ்சதா, காயா?" என்று கேட்டது தலைமைக் கிளி.

"செக்கச்செவேல்னு கனிஞ்சது!"

"அப்போ கத்தறோம்!"

அதன்பிறகு சுழியன் எந்தக் காட்டில் ஆடினாலும் கிளிகள் வந்தன. காலில் ஆளுக்கொரு கொய்யாவோடு கூட்டமாக வந்து மரக்கிளையில் வரிசையாக உட்கார்ந்துகொண்டன. சுழியன் கோலை நெருங்கும்போதெல்லாம், "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!" சுழியனும் திரும்பினான், திரும்பினான், திரும்பிக்கொண்டே இருந்தான். கோடை பாதி போய்விட்டது. அவன் கணக்கில் ஒரு கோல்கூட இல்லை.

பள்ளக்காட்டுக் கிளிகளுக்குத் தன்மேல் என்ன இவ்வளவு பாசம் என்று அவன் ஒரு தடவையாவது யோசித்திருக்கலாம். யோசித்தான்தான். "எதிரிக் காட்டிலிருந்துகூட எனக்கு ரசிகர்கள்!" என்று யோசித்து, உச்சி குளிர்ந்து போனான்.

பெரியகாட்டு அணி வரிசையாகத் தோற்றது. அங்கம்மா அவனை உட்கார வைத்தாள். கோட்டுக்கு வெளியே, பல் இல்லாத ஒரு காட்டுப்பூனைக்குப் பக்கத்தில். உள்ளே கொம்பையன் பந்தை மரத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். ஊரில் சொல்லிவிட்டு வந்த பேச்சு சுழியனுக்கு நினைவுக்கு வந்து குடைந்தது. மாலை இல்லாமல் எந்த மூஞ்சியோடு திரும்பிப் போவது?

கோடையின் கடைசி ஆட்டம் மறுபடியும் பள்ளக்காட்டோடு. அன்று காலை சுழியன் அங்கம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க! கோல் போட்டுக் காட்டறேன்!"

அங்கம்மாவுக்கு மனசு இளகியது. அந்தக் கால்கள் வீணாகப் போவதை நினைத்து அவளுக்கும் தூக்கம் வரவில்லை. "இன்னிக்குக் கோல் போடு. இந்த டீம்ல உனக்கு நிரந்தர இடம். போடலேன்னா, பொழுது சாய்ஞ்சதும் நீ பொட்டல்காட்டுக்குப் புறப்படலாம்."

"கட்டாயம் போடுவேன்!"

"இவன் போடமாட்டான்," என்றான் கொம்பையன். "காதுதான் இவனுக்கு எதிரி. அதைக் கட்டிருவோம்!"

கொடி ஒன்றைப் பிடுங்கி, சுழியனின் இரண்டு காதுகளையும் மடக்கித் தாடைக்குக் கீழே கொண்டுவந்து இறுக்கி முடிச்சுப் போட்டான். பல்வலிக்காரன் மாதிரி ஆகிவிட்டான் சுழியன். ஆனால் ஒன்று, உலகமே அடங்கிவிட்டது. ஒரு சத்தம் கிடையாது.

நடுவர் நாரை விசில் ஊதியது. அதுகூட அவனுக்குக் கேட்கவில்லை; கொம்பையன் முதுகில் தட்டித்தான் ஓடவிட வேண்டியிருந்தது. மலைமேல் சூரியன் இறங்கியதும் ஆட்டம் முடியும் என்பது விதி. வெகுநேரம் யாரும் கோல் போடவில்லை. சூரியன் மலையை நெருங்கிவிட்டது.

அப்போது பந்து சுழியனிடம் வந்தது.

ஓநாயைத் தாண்டினான். மரநாயைத் தாண்டினான். கிளிகள் காடே அதிரக் கத்தின. சுழியன் திரும்பவில்லை! நரியின் முகத்தில் ஈயாடவில்லை. கரடி பாய்ந்தது, வழக்கம்போல் குப்புற விழுந்தது. கோல் திறந்து கிடந்தது. ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு!

"அடிடா!" என்று அங்கம்மா பிளிறினாள்.

சுழியன் காலைத் தூக்கினான். தூக்கியவன், கொஞ்சம் நிறுத்தினான்.

ஏன் இவ்வளவு அமைதியாக இருக்கிறது? கரடியையே படுக்க வைத்திருக்கிறேன், ஒருவரும் கைதட்டவில்லையா? கடைக்கண்ணால் கரையைப் பார்த்தான். கிளிகளின் அலகு திறந்து திறந்து மூடியது. என்ன சொல்கின்றன? நன்றாக இருக்கிறது என்கின்றனவா? இல்லை, இந்தக் காதுக் கட்டைப் பார்த்துச் சிரிக்கின்றனவா? அவனால் தாங்க முடியவில்லை. கோல் எங்கே ஓடிவிடப்போகிறது? ஒரு நொடி கேட்டுவிட்டு அடித்தால் என்ன?

பந்தை வயிற்றால் அணைத்துக்கொண்டு, முன்னங்கால்களால் முடிச்சை அவிழ்த்தான்!

"ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

ஆஹா! சுழியனின் முகம் பூரித்துப்போனது. காதுகள் இரண்டும் ஜம்மென்று எழுந்து நின்றன. திரும்பிப் பார்த்தான். கரடி அவனுக்கு நேர் பின்னால் நின்றுகொண்டிருந்தது. இந்தத் தடவை அது பாயவில்லை. அலுங்காமல் குனிந்து, அவன் வயிற்றடியிலிருந்து பந்தை எடுத்து, ஓங்கி வீசியது. அந்தப் பக்கம் ஓநாய் தனியாகக் காத்திருந்தது.

கோல்! பள்ளக்காட்டுக்குக் கோல்!

சூரியன் மலையில் இறங்கியது. நாரை விசில் ஊதியது. இந்தத் தடவை சுழியனுக்கு நன்றாகவே கேட்டது.

அங்கம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "போயிட்டு வா, சாமி," என்று மட்டும் சொல்லிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொம்பையன் அவிழ்ந்து கிடந்த கொடியைப் பொறுக்கி எடுத்துத் தூர எறிந்தான்.

பொட்டல்காட்டுக்குப் போக சுழியனுக்கு வெட்கமாக இருந்தது. பிறகு ஒரு நினைப்பு வந்தது. "டீம் போனால் என்ன? என் ரசிகர்கள் இருக்கிறார்களே!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு பந்தையும் தேடிப் பிடித்து, மறுநாள் காலையில் நேரே கொய்யாத் தோப்புக்குப் போனான்.

கிளிகள் கிளைகளில் உட்கார்ந்திருந்தன. சுழியன் பந்தைத் தலையில் வைத்து உருட்டினான். முதுகில் ஏற்றி இறக்கினான். ஒரு மரத்தை இரண்டு பக்கமும் ஏமாற்றினான். மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தான்.

ஒரு சத்தம் இல்லை.

"என்ன, ஒன்ஸ்மோர் சொல்லலையா?" என்று அவனே கேட்டான்.

தலைமைக் கிளி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. "யாருப்பா நீ?"

"நான்தான் சுழியன்! கோடை முழுக்க எனக்காகக் கத்துனீங்களே!"

"ஓ, அந்த முயலா! போட்டி முடிஞ்சுபோச்சுப்பா. மாசாணம் நரி கொய்யா குடுத்தாரு, கத்துனோம். நேத்தோட கணக்கு சரியாப் போச்சு."

சுழியனின் பந்து உருண்டு புதருக்குள் போனது. அதை எடுக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. எல்லாம் புரிந்துவிட்டது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? தொண்டையைச் செருமிக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்டான்.

"கொய்யாவுக்காகக் கத்துனீங்க, சரி. ஆனா... என் ஆட்டம் நிஜமாவே நல்லா இருந்துச்சுல்ல?"

கிளிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"அதை யாரு பார்த்தா?" என்றது தலைமைக் கிளி. "பழத்தைத் தின்னவே எங்களுக்கு நேரம் போதலை!"

கைதட்டலுக்காக வேலையைப் பாதியில் விட்டுத் திரும்புகிறவனுக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும் வேலையும் முடியாது, கைதட்டலும் நிலைக்காது.