ஜெபமணிக்குத் தெரியாத மருந்து

கேளுங்கள். கேட்டு முடித்தபின் தீர்ப்பு உங்களுடையது.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடம். கோமதிக்கு அங்கே மூன்று வருடமாக ஒரே வேலை: மருந்துக் காளானிலிருந்து சாறு இறக்கி, கண்ணாடித் தட்டில் வளரும் புற்றுச் செல்கள்மீது விட்டுப் பார்ப்பது. ஒரு திங்கட்கிழமை மைக்ராஸ்கோப்பில் குனிந்தவள் நிமிரவில்லை. செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடந்தன. சந்தோஷம் தாங்காமல் உதவியாளர் ஞானதுரையைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். அவர் மனைவி ஜெபமணிக்கு மார்பில் புற்று. ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் தருவீங்களா மேடம்?"

"அண்ணாச்சி, இது தட்டுல செத்தது. உடம்புக்குள்ள போனா என்ன செய்யும்னு யாருக்கும் தெரியாது. இந்தா பாருங்க, நல்ல ஈரல் செல்லையும் சேத்துக் கொன்னுருக்கு" என்று அடுத்த தட்டை நீட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

ஒரு மாதம் கழித்து ஞானதுரை அவளிடம் வந்து நின்றார். "ஒரு விசயம் சொல்லணும். யார்ட்டயும் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுங்க."

வீட்டில் ஏதோ கஷ்டம்போல என்று நினைத்து வாக்குக் கொடுத்துவிட்டாள்.

மூன்று வாரமாகச் சாற்றை எடுத்துப்போய் சூப்பில் கலந்து கொடுக்கிறாராம். ஜெபமணிக்கே தெரியாதாம். கோமதி அவரைத் திட்டினாள். இனிமேல் கொடுப்பதில்லை என்று அவர் கும்பிட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஜெபமணியின் கண்கள் மஞ்சளாக இருந்தன. "ஊசி மருந்து ஈரலுக்கு ஒத்துக்கல போலிருக்கு. நிறுத்திர வேண்டியதுதான்" என்றார் டாக்டர். "வேற எதுவும் குடுத்தீங்களா?"

"இல்லைங்க" என்றார் ஞானதுரை, கோமதியின் முகத்தைப் பார்த்தபடி.

ஊசியை நிறுத்தினால் கட்டி வளரும். வாய் திறந்தால் வாக்குப் போகும், அவர் வேலையும் போகும். வராந்தாவில் இரண்டு தடவை டாக்டர் அறை வாசல்வரை போய்த் திரும்பினாள். மூன்றாம் தடவை உள்ளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

சாறு நின்றது, இரண்டு வாரத்தில் ஈரல் தேறியது, ஊசியும் தொடர்ந்தது. ஆனால் ஞானதுரை டாக்டரின் காலில் விழுந்தார்: "அவளுக்கு மட்டும் தெரிய வேண்டாம் சார். மனசு ஒடிஞ்சிருவா." டாக்டர் இரங்கினார். நோயாளி தேறும்வரை பேச வேண்டாம் என்று கோமதியிடமும் சொன்னார்.

ஆசையால் ஒளித்துக் கொடுத்தார் கணவர். வாக்கை மீறினாள் கோமதி. இரக்கத்தால் மறைத்தார் டாக்டர். மூவரில் யார் செய்தது சரி? சொல்லுங்கள் பார்ப்போம்.

விடை: கோமதி வாக்கை மீறியது சரி. இன்னொருத்தி உடம்பை அடகு வைத்து வாங்கிய வாக்கு அது. அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அவள் செய்தது பாதிதான். ஒரு வெள்ளிக்கிழமை அவளே ஜெபமணியிடம் போய் நடந்ததைச் சொன்னாள். ஜெபமணி அழவில்லை. "எனக்காக மூணு பேரும் இவ்வளவு பேசியிருக்கீங்க. ஒருத்தராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியேம்மா" என்றாள். அடுத்த ஊசிக்கு அவள் கணவர் துணையில்லாமல் தனியாக வந்தாள்.