பந்தியில் பேசியவர்

நீதிபதி ஏகம்பர் மலையடிவார மடத்துக்கு வந்தபோது இரண்டு காவலர்களும் கூடவே வந்தார்கள். பாதுகாப்புக்கு என்றார்கள். யாருடைய பாதுகாப்புக்கு என்று அவர் கேட்கவில்லை. காலம் அப்படி.

அவர்களை வாசலில் விட்டுவிட்டுத் தன் குருவிடம் போனார். அங்கேயும் குரல் தணிந்துதான் வந்தது.

"சாமி, காரின்னு ஒரு அரண்மனை ஒற்றன். வீடு வீடா ஒட்டுக்கேட்கிறதுதான் வேலை. 'புருஷன் பெண்டாட்டி பேசிக்கிறதைக்கூட அரண்மனை கேட்குது'ன்னு சந்தையில நின்னு சொல்லிட்டான். நாளைக்குத் தீர்ப்பு. கழுமரம் இன்னைக்கே நட்டாச்சு."

"அவன் சொன்னது உண்மையா?"

"அதை நான் விசாரிக்கக் கூடாது. ரகசியத்தை வெளியே சொன்னானா, இல்லையா? சட்டத்துக்கு அவ்வளவுதான் கேள்வி."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்" என்றார் குரு.

பந்தி கூடியது. அந்த மடத்தில் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட வேண்டும். எழுந்திருக்கும்வரை பேசக் கூடாது. பேசியவருக்கு அன்றோடு மடத்தில் இடமில்லை.

ஏகம்பர் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தார்.

"கையை எடுங்க! குழம்புல பல்லி!"

மடைப்பள்ளியிலிருந்து சமையல்காரர் உலகன் கத்திக்கொண்டே ஓடி வந்தார். கைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. ஏகம்பரின் கவளம் உதட்டைத் தொட்டிருந்தது.

உலகன் இலைகளை அள்ளி எறிந்தார். குருவை ஒருமுறை கும்பிட்டார். பிறகு, யாரும் சொல்லாமலே, தன் துணிகளை மூட்டை கட்டத் தொடங்கினார்.

ஏகம்பருக்குப் பொறுக்கவில்லை. "சாமி, அவரைப் போகச் சொல்றது அநியாயம்!"

"பந்தியில பேசினாரா, இல்லையா?"

"பேசினார். ஆனா குழம்புல பல்லி கிடந்ததே!"

"அப்போ அதையும் விசாரிக்கணும்கிறே."

ஏகம்பர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். காவலர்கள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்குச் சபையில 'காரி சொன்னது உண்மையா'ன்னு நான் கேட்டா, அவன் பக்கத்துலயே எனக்கும் ஒரு கழு நடுவாங்க."

"நடுவாங்க."

"பயமா இருக்கு, சாமி."

மூட்டையோடு படியிறங்கிக்கொண்டிருந்த சமையல்காரரைக் குரு பார்த்தார்.

"உலகனுக்கும் போக வேற இடம் கிடையாது, ஏகம்பா. அதை யோசிச்சுக்கிட்டு அவர் நின்னிருந்தா, இந்நேரம் அந்தக் கவளம் உன் வயித்துக்குள்ள இருந்திருக்கும்."