அரண்மனையில் கொள்ளு விதைத்தார்கள்

"கழுதையைப் பூட்டி உழுதுட்டாங்க தாயே. மன்னர் கொலுவிருந்த மண்டபத்தை."

மூச்சிரைக்க மலையேறி வந்த எயினனுக்குக் கோபம் அடங்கவில்லை. வேங்கைமாநகர் அரசவையில் இருபத்தெட்டு வருஷம் மன்னர் புகழை எழுதியவன் அவன். நகரம் எதிரியிடம் விழுந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

குகை வாசலில் இருந்த சமணத் துறவி சாந்திக் குரத்தியார், மயிற்பீலியால் தரையை மெல்லக் கூட்டி அவனுக்கு இடம் காட்டினார்.

அவன் உட்காரவில்லை.

"உழுததோட விட்டானா? கொள்ளு விதைச்சிருக்கான். இனிமே அங்க ஊரே இருக்கக் கூடாதாம். மனுஷன் செய்யற வேலையா இது?"

"இல்லை" என்றார் குரத்தியார்.

"நம்ம நகரத்தோட வரலாறு முழுக்க எழுதிட்டேன். இந்தக் குகைப் பாறையில வெட்ட நீங்க அனுமதி தரணும். ஓலை எரிஞ்சு போகும், கல்லு நிக்கும். எத்தனை தலைமுறை போனாலும் ஜனங்க படிச்சு அந்தப் பாவியைக் காறித் துப்பணும்."

"படி, கேட்போம்."

படித்தான். கோட்டை எழுந்த கதை, ஏரி வெட்டிய கதை, ஏழு வாசல்களின் பெயர்கள். மன்னர் வடக்கே படையெடுத்த இடம் வந்ததும் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. சும்மாவா, அந்த ஓலைக்குத்தான் மன்னர் அவனுக்குப் பொற்பூ சூட்டினார்.

"'பகைவர் தலைநகராம் மருதாறையை வென்று, கழுதை ஏர் பூட்டி உழுது, கொள்ளு விதைத்த கோமான்...'"

குரத்தியார் கையை உயர்த்தினார்.

எயினனுக்குச் சுருக்கென்றது. "அது வழக்கம் தாயே. ஜெயிச்ச ராஜாவுக்கு அப்படித்தான் எழுதுவோம்."

"எத்தனை வருஷமா இங்க வர்றே?"

"பதினாறு."

"நான் எந்த ஊருன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

எயினன் ஓலையைத் தாழ்த்தினான். துறவியிடம் ஊரைக் கேட்பது மரியாதை இல்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் அவனுக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

குரத்தியார் முகம் சிவந்திருந்தது. அவர் கோபப்பட்டு அவன் பார்த்ததே இல்லை.

"மருதாறை மண்ணு நல்ல மண்ணு. அந்த வருஷம் எங்க வீட்டு முற்றத்துல கொள்ளு அமோகமா விளைஞ்சுது" என்றார். "நிறுத்தாதே. மேல படி."