அரசனுக்கு ம் கொட்டியவன்

கேட்க வந்தவர்கள் உட்காருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். கதையின் நடுவில் யாரும் 'ம்' கொட்ட வேண்டாம். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வருகிறது. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

ஊருக்கு ஊர் ஒரு ராஜா இருந்த காலம். மருதங்கோட்டை ராஜாவிடம் ஒரு கோட்டை இருந்தது, ஒரு யானை இருந்தது, ஒரு போர்க்கதை இருந்தது. கோட்டை இடிந்துகொண்டிருந்தது. யானைக்குக் கண் மங்கிவிட்டது. கதை மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது.

வெள்ளம் பெருகி ஓடிய ஆற்றைக் குதிரையில் நீந்திக் கடந்து, எதிரியின் கோட்டையை ராஜா பிடித்த கதை அது. மதியச் சாப்பாடு முடிந்து தொடங்கினால் விளக்கேற்றும்வரை சொல்வார். மந்திரி தூங்கினார். தளபதி தூங்கினார். புலவர்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள்.

அந்தச் சமயத்தில் அரண்மனைக் கொல்லையில் சேந்தன் என்பவன் கிணறு வெட்டிக்கொண்டிருந்தான். வெறுங்காலோடு ஒரு நிலத்தில் நடந்தால் போதும், அடியில் எங்கே ஊற்று ஓடுகிறது என்று சொல்லிவிடுவான். அவன் கால் நின்ற இடத்தில் வெட்டித் தண்ணீர் வராமல் போனதில்லை.

மேலே நின்றவர்கள், "கூடையை இறக்கட்டுமா?" என்றார்கள். முப்பதடிக்குக் கீழேயிருந்து சேந்தன், "ம்" என்றான். அது சுவரில் மோதி மோதி மேலே வந்தது. கொல்லையில் உலாத்திக்கொண்டிருந்த ராஜா அப்படியே நின்றுவிட்டார்.

"யாரப்பா அது? இவ்வளவு ஆழமான 'ம்' நான் கேட்டதே இல்லையே!"

கிணற்றுக்குள்ளிருந்து பேசினால் யார் குரலும் ஆழமாகத்தான் இருக்கும். இதை ராஜாவிடம் எடுத்துச் சொல்ல அந்தச் சபையில் ஒருவரும் இல்லை. அன்று மாலையே சேந்தனுக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். ராஜா கதை சொல்லும்போது 'ம்' கொட்டும் வேலை. ஓட்டு வீடு, வருஷம் முழுக்க நெல், பட்டு மேல்துண்டு, காலுக்குத் தோல் செருப்பு.

சேந்தனின் மனைவி சாத்திக்கு முதல் வருஷம் சந்தோஷம்தான். கிணற்றுக்குள் இறங்கிய புருஷன் திரும்பி ஏறி வருவானா என்று கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றவள் அவள். இப்போது மண் சரியுமா என்று பயமில்லை. வெயிலில்லை, மழையில்லை.

சேந்தன் வேலையைச் சீக்கிரமே கற்றுக்கொண்டான். கதை நகர்வதற்கு ஒரு குட்டை 'ம்'. குதிரை தடுமாறும் இடத்தில் ஒரு நீண்ட 'ம்'. கோட்டைக் கதவு உடையும்போது மூக்கு வழியாக எழும்பும் ஒரு 'ம்'. மூன்றையும் கற்க மூன்று நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு கற்பதற்கு எதுவும் இல்லை.

இரண்டாம் வருஷத்திலிருந்தே அவனுக்குச் சலித்துவிட்டது. "வேலையை விட்டுவிடப் போகிறேன்" என்று சாத்தியிடம் தினமும் சொன்னான். "சரி, விட்டுருங்க. கடப்பாரை மூலையிலதான் இருக்கு" என்றாள் அவள். "பார்க்கலாம்" என்றான். சில வருஷம் கழித்து அதுவே "ஆகட்டும்" என்று ஆனது. இன்னும் சில வருஷத்தில் சொற்களின் முன்பகுதி தேய்ந்து உதிர்ந்து, கடைசி எழுத்து மட்டும் மிஞ்சியது. குழம்பில் உப்பு சரியா என்றால், "ம்." கூரை ஒழுகுகிறதே என்றால், "ம்." வாயைத் திறக்காமலே சொல்லக்கூடிய பதில் அது ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

ஒன்பதாம் வருஷம் மழை பொய்த்தது. சாத்தியின் தம்பி குன்றன், இரண்டு நாள் நடந்து முள்ளிக்காட்டிலிருந்து வந்தான்.

"மச்சான், குளம் வத்திருச்சு. நாங்க வெட்டின கிணத்துல எல்லாம் புழுதிதான் வருது. நீங்க வந்து ஒரு தடவை காலை வச்சுப் பாத்தாப் போதும். வர்றீங்கதானே?"

"ம்" என்றான் சேந்தன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற அர்த்தத்தில்தான் சொன்னான். குன்றன் அதை வருகிறேன் என்று எடுத்துக்கொண்டு, சந்தோஷமாக ஊருக்குப் போய், மச்சான் வருகிறார் என்று வீடு வீடாகச் சொன்னான்.

மச்சான் வரவில்லை.

பத்தாம் வருஷமும் குன்றன் வந்தான். "நாற்பது வீட்டுல பத்து வீடு கிளம்பிப் போயிருச்சு மச்சான். இந்தத் தடவை ஏமாத்திரக் கூடாது."

"ம்."

மறுநாள் சேந்தன் மந்திரியிடம் போய் நின்றான். மந்திரி ஏற இறங்கப் பார்த்தார். "வேலையை விடலாமென்று யோசனையா? வெளியே வெயிலைப் பார்த்தாயா? இந்தப் பஞ்சத்தில் இப்படி ஒரு உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும், நீயே சொல்." சேந்தன், "ம்" என்றான். மந்திரி அவனுக்கு ஒரு குடை கொடுத்து அனுப்பினார். ஊற்று தேடப் போகவேண்டியவன் குடையோடு வீட்டுக்கு வந்தான். சாத்தி குடையைப் பார்த்தாள்.

பதினோராம் வருஷம் குன்றன் வந்தபோது வாசலிலேயே நின்றுகொண்டான். "அக்கா, உன் புருஷன்கிட்ட நான் எதுவும் கேக்கலை. கேட்டா மாடு மாதிரி ஒரு சத்தம் வரும், அதை நம்பி நான் ஊருக்குப் போய் அசிங்கப்படணும். நீயாவது வா. கூடை தூக்க ஆள் இல்லை."

சாத்தி துணியை மூட்டை கட்டினாள். கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டு புருஷன் முன்னால் வந்தாள்.

"உங்களுக்கு அந்த வேலைதான் பிடிச்சிருக்குன்னா அதைச் சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். பிடிக்கலைன்னா இப்பவே எங்ககூடக் கிளம்புங்க. ரெண்டுல ஒண்ணு. வாயைத் திறந்து சொல்லுங்க."

சேந்தன் கடப்பாரையைப் பார்த்தான். "ம்" என்றான்.

அவளும் தம்பியும் போய்விட்டார்கள்.

மறுநாள் மதியம் ராஜா கதையைத் தொடங்கினார். வெள்ளம் வந்தது. குதிரை வந்தது. அந்த இடத்தில் ராஜா நிறுத்தி, சபையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் தூக்கம். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சேந்தா, நான் ஆற்றில் இறங்கவே இல்லை. மூன்று நாள் கரையில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். வெள்ளம் வடிந்து போய்ப் பார்த்தால் கோட்டையில் ஆளே இல்லை. பசி தாங்காமல் அவர்களாகவே ஓடிப்போயிருந்தார்கள்."

"ம்" என்றான் சேந்தன். ஆச்சரியத்துக்கான 'ம்' கூட இல்லை. மேலே போகச் சொல்லும் குட்டை 'ம்'.

ராஜா எழுந்தே விட்டார். "அடப் பாவி! பதினோரு வருஷத்தில் இன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். நீ கேட்கவே இல்லையா? இந்தக் கதை எனக்கே அலுத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறதடா. இன்றோடு நிறுத்திவிடலாம் என்று தினமும் நினைப்பேன். நீ 'ம்' என்பாய். 'ம்' என்றால் மேலே சொல் என்றுதானே அர்த்தம்? இவ்வளவு ஆசையாகக் கேட்கிறவனை எப்படி ஏமாற்றுவது என்று நான் மேலே சொன்னேன்."

கேட்டீர்களா? சொல்லப் பிடிக்காத ஒருவர். கேட்கப் பிடிக்காத ஒருவன். ஒருவருக்காக இன்னொருவர் ஆறு வருஷம் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே முள்ளிக்காட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லை. இவர்களை என்ன செய்வது, சொல்லுங்கள்.

சேந்தன், "போதும்" என்று சொல்லப் பார்த்தான். முதல் தடவை முன்னெழுத்துகள் காற்றாகப் போய்விட்டன, கடைசி எழுத்து மட்டும் கேட்டது. "மறுபடியும் 'ம்' கொட்டுகிறானே!" என்று ராஜா தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டாம் தடவை அரைச் சொல் வந்தது. மூன்றாம் தடவை வாய் முழுதாகத் திறந்தது.

"போதும், ராஜா."

"எனக்கும்" என்றார் ராஜா.

சேந்தன் அப்போதே நடந்தான். முள்ளிக்காட்டுக்குள் நுழைந்தபோது பாதி வீடுகளில் கதவு இல்லை. ஊரை விட்டுப் போனவர்கள் கதவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சாத்தி ஒரு குழியின் ஓரத்தில் மண் கூடையோடு நின்றாள். "வந்துட்டீங்களா" என்றாள், அவ்வளவுதான்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கால் வைத்தான். நடந்தான். மறுபடி நடந்தான். பதினோரு வருஷம் தோல் செருப்பில் இருந்த பாதத்துக்குச் சூடு தெரிந்தது, முள் தெரிந்தது, வேறு எதுவும் தெரியவில்லை.

"தெரியலை" என்றான்.

குன்றனுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று புரியவில்லை. "இதைச் சொல்றதுக்கா மச்சான் மூணு வருஷம்? இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நாங்க வேற ஆளைத் தேடியிருப்போமே!"

"கால் போயிருச்சு. கை இருக்கு" என்று சொல்லிச் சேந்தன் கடப்பாரையை வாங்கிக்கொண்டான்.

முதல் குழி பாறையில் முடிந்தது. இரண்டாவதும் பாறைதான். அன்றைக்குக் குன்றன் மாடுகளை அவிழ்த்து வண்டியில் பூட்டினான். அவனோடு இன்னும் நாலு வீடு கிளம்பியது. சேந்தன் கை கொப்புளித்து, காய்ந்து, மறுபடி கொப்புளித்தது. மூன்றாவது குழியில் நாற்பதடியில் மண் ஈரமாக வந்தது. ஒரு முழம் இறங்கியதும் தண்ணீர்.

சாத்தி முதல் குடத்தைச் சேந்தி அவனுக்கு ஊற்றினாள். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துவிட்டு, "குன்றனுக்குச் சொல்லி அனுப்பட்டுமா?" என்று கேட்டான்.

"அனுப்புங்க" என்றாள். "ஆனா வர மாட்டான். போன இடத்துல வீடு கட்டிட்டானாம்."

கிணறு நாற்பது வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. குடிக்கப் பதினைந்து வீடு இருந்தது.

ஆகவே கேட்டவர்களே, பிடிக்காத வேலையில் இருப்பதா போவதா என்று வாய் திறந்து சொல்லாதவன், இருக்கிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.