பூனைக்குக் குழி தோண்டக் கற்றுக்கொடுத்த பூவாயி

அந்தக் காலத்தில் பூனை தன் கழிவை மண் போட்டு மூடியதே இல்லை. மூடுவது என்ன, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி மேடான இடமாகப் பார்த்துத்தான் போகும். பாறை உச்சி, கரையான் புற்று, விழுந்து கிடக்கும் மரம் என்று எங்கே உயரம் இருக்கிறதோ அங்கே. புலியும் சிறுத்தையும் அதற்குப் பெரிய வீட்டுச் சொந்தங்கள். அவை நடுவழியில் போட்டுவிட்டு, 'இது என் இடம்' என்று சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகும். நாம் மட்டும் என்ன குறைச்சல் என்று பூனையும் அப்படியே செய்துகொண்டிருந்தது. மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

தண்ணீர் வற்றிய ஓர் ஆற்றங்கரையில், பாறைக் குன்றின் அடியில், நாலைந்து குடிசைகள் இருந்தன. கடைசிக் குடிசையில் மயிலாத்தாளும் அவள் புருஷன் செங்கோடனும் குடியிருந்தார்கள். அவர்களுக்கு ஒரே மகள், பூவாயி. இரண்டரை வயது. நன்றாகப் பேசுவாள், ஓடுவாள், கேள்வி கேட்டே ஆளைக் களைப்படைய வைப்பாள். ஒரு காரியம் மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. எங்கே நிற்கிறாளோ அங்கேயே ஆய் போய்விடுவாள். அடுப்படியில், பாயில், ஒருமுறை அப்பாவின் மடியிலேயே. போன பிறகுதான், "அம்மா, ஆய்" என்று சொல்வாள்.

மயிலாத்தாள் கழுவிக் கழுவிச் சலித்துப்போனாள். ஒருநாள் காலையில் கம்பைப் பாயில் பரப்பிக் காயவைத்திருந்தாள். வீட்டில் மிச்சமிருந்த தானியம் அவ்வளவுதான். உள்ளே போய்த் திரும்பி வருவதற்குள் பூவாயி பாயின் நடுவில் உட்கார்ந்து காரியத்தை முடித்திருந்தாள்.

மயிலாத்தாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குழந்தையின் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

"இனிமே ஆய் போனீன்னா பாரு! கொன்னு போடுவேன்!"

வேறு இடத்தில் போ என்றுதான் அவள் சொல்ல நினைத்தாள். குழந்தையோ காதில் விழுந்ததை அப்படியே எடுத்துக்கொண்டது. இனிமேல் போகவே கூடாது. அவ்வளவுதான்.

அன்று பூவாயி போகவில்லை. மறுநாளும் போகவில்லை. வரும்போதெல்லாம் மூலையில் போய் நின்று, காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க அடக்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் கஞ்சியைத் தள்ளிவிட்டாள். நான்காம் நாள் வயிறு பறை மாதிரி உப்பி, உடம்பு சுட்டது. மயிலாத்தாள் வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைக்கப் பார்த்தாள். காம்பைக் கண்டதும் பூவாயி போட்ட கூச்சலில் பக்கத்துக் குடிசைக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள்.

"ஏனுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க," என்றாள் புருஷனிடம். "கம்பு போனாப் போயிட்டுப் போவுது. ஏன்தான் கையை ஓங்கினேனோ."

"நடந்தது நடந்து போச்சு, மயிலு," என்றான் செங்கோடன். "கெஞ்சிப் பாரு. மெரட்டினா இன்னும் இறுக்கிக்குவா."

கெஞ்சினாள். கருப்பட்டி தருகிறேன் என்றாள். பூவாயி கருப்பட்டியை வாங்கித் தின்றுவிட்டு, காலைப் பின்னிக்கொண்டு நின்றாள்.

அன்று மாலை, வாயில் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு குன்றிலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை இறங்கி வந்தது. குட்டியை வாசலில் இறக்கி வைத்தது. தாய்ப்பூனை மெலிந்து, கண் உள்ளே போயிருந்தது.

"மயிலக்கா, கொஞ்ச நாளைக்கு உங்க அடுப்புப் பக்கம் இடம் கொடுப்பீங்களா? மூணு குட்டி போட்டேன். ரெண்டைக் கழுதைப்புலி தூக்கிட்டுப் போயிட்டான். நாலு எடம் மாத்திட்டேன். எங்க ஒளிச்சு வச்சாலும் தேடி வந்துடறான். எப்படிக் கண்டுபிடிக்கிறான்னே தெரியலை. தீ இருக்கிற எடத்துக்கு வரமாட்டான்னு சொன்னாங்க."

"இரு, அம்முணி," என்றாள் மயிலாத்தாள். "என் பாடே பெரும்பாடா இருக்குது. அடுப்போரமா அந்தச் சாக்குல படுத்துக்க."

பூனை உள்ளே வந்தது. மூலையில் நிற்கும் பூவாயியைக் கொஞ்ச நேரம் பார்த்தது.

"பாப்பா ஏன் இப்படி நிக்குது?"

மயிலாத்தாள் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

பூனைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இதுக்கா அடிச்சீங்க? நான் பாறை மேல ஏறி, ஊருக்கே தெரியற மாதிரி போவேன். இன்னைக்கு விடிகாலையில கூடக் குன்றுப் பாறையிலதான் போயிட்டு வந்தேன்."

பூவாயி திரும்பிப் பார்த்தாள். நாலு நாளில் முதல்முறையாக அவள் கண்ணில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

"பூனை ஆய் போகுமா?" என்று கேட்டாள்.

"போகும் கண்ணு," என்றது பூனை.

"அதை அவங்க அம்மா அடிக்குமா?"

மயிலாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

மறுநாள் வெயில் தணிந்ததும் மயிலாத்தாள் தண்ணீருக்காக ஆற்றில் ஊற்றுத் தோண்டப் போனாள். பூவாயியைத் தனியே விட மனமில்லாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பூனைக்குட்டியும் பின்னாலேயே வந்தது. தாய்ப்பூனை கரையில் ஒரு புதரடியில் உட்கார்ந்து காவல் காத்தது. அதன் கண் நாலு பக்கமும் சுழன்றபடி இருந்தது.

மயிலாத்தாள் ஊற்றிலிருந்து தள்ளி, கண் பார்வையிலேயே கரையோரம் நாணல் நிழலில் குழந்தையை உட்கார வைத்துவிட்டு, கொட்டாங்குச்சியால் மணலை அள்ளத் தொடங்கினாள்.

நிழலில் குழியானைப் பூச்சிகள் மணலில் சின்னச் சின்னக் குழிகள் போட்டு வைத்திருந்தன. அவற்றைப் பார்த்ததும் குட்டிக்கு இருப்புக்கொள்ளவில்லை. முன்னங்காலால் மணலைப் பரபரவென்று பறித்தது.

"என்ன தேடறே?" என்றாள் பூவாயி.

"உள்ளே ஒண்ணு இருக்கு. ஓடுது."

"நானும் பாக்கறேன்."

பூவாயி குந்தி உட்கார்ந்தாள். இருவரும் தோண்டினார்கள். குழியானை பின்னாலேயே நகர்ந்து நகர்ந்து ஒளிந்தது. குழி ஆழமாகிக்கொண்டே போனது. குந்தியே வெகுநேரம் இருந்ததில் பூவாயிக்கு வயிற்றைப் பிசைந்தது. சட்டென்று எழுந்து காலைப் பின்னிக்கொண்டாள்.

"ஏன் எந்திரிச்சிட்டே?"

"ஆய் வருது. போனா அம்மா அடிக்கும்."

குட்டி குழியைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. "இதுக்குள்ள போயேன். இது யாரோட பாயும் இல்லையே."

அந்த நேரம் பார்த்து மயிலாத்தாள் திரும்பினாள். பூவாயி நிற்கும் நிற்பைக் கண்டதும், "வருதா கண்ணு?" என்று கையில் கொட்டாங்குச்சியோடு ஓடிவந்தாள். குழந்தை அந்தக் கையைத்தான் பார்த்தது. இரண்டு தோளையும் காதுவரை உயர்த்திக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

மயிலாத்தாள் அப்படியே நின்றுவிட்டாள். வயிற்று நோவை விடத் தன்னைக் கண்டுதான் குழந்தைக்குப் பயம் அதிகம் என்று அப்போதுதான் அவளுக்கு முழுவதுமாகப் புரிந்தது.

பிறகு மெல்ல அருகில் வந்தாள். பூவாயிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். கொட்டாங்குச்சியால் தானும் ஒரு குழி பறிக்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பூவாயி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"நீ என்ன பண்றே?"

"குழி தோண்டறேன்."

"எதுக்கு?"

"உன் குழி ஆழமா, என் குழி ஆழமான்னு பாக்கத்தான்."

பூவாயி எட்டிப் பார்த்தாள். "என்னுதுதான் ஆழம்," என்றாள்.

"நெசமாவா? உக்காந்து பாரு, தெரியும்."

பூவாயி தன் குழியின் மேல் குந்தினாள். பிறகு, கேட்கட்டுமா வேண்டாமா என்று தயங்குகிற குரலில், "இதுல போகட்டுமா? அடிப்பியா?" என்றாள்.

"அடிக்க மாட்டேன் சாமி. இனி எப்பவும் அடிக்க மாட்டேன்."

பூவாயி அம்மாவின் கட்டைவிரல்கள் இரண்டையும் நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். முகம் சிவந்தது, கண்ணில் நீர் முட்டியது. ஐந்து நாள் அடக்கியது லேசில் வரவில்லை. "வலிக்குது" என்று முனகினாள். மயிலாத்தாள் கையை விடவில்லை. "இதோ, இதோ, இன்னும் கொஞ்சந்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். குட்டி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

கடைசியில் வந்துவிட்டது.

பூவாயி எழுந்து, திரும்பிக் குழிக்குள் பார்த்தாள். அவளுக்கே நம்ப முடியவில்லை. "இவ்வளவா!" என்றாள். மயிலாத்தாள் சிரித்தாள், அழுதாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள். ஆனால் பூவாயியின் வேலை முடியவில்லை. இரண்டு கையாலும் மணலை அள்ளிக் குழியில் தள்ளினாள். தட்டினாள். குனிந்து மூக்கை வைத்து மோந்தாள். இன்னும் ஒரு கை மணல் போட்டாள்.

"ஏன் பாப்பா மூடறே?" என்று புதரடியிலிருந்து கேட்டது தாய்ப்பூனை.

"தூங்குது. சத்தம் போடாதே," என்றாள் பூவாயி.

மயிலாத்தாள் குழந்தையைக் கழுவி எடுத்தாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அப்போது கரையில் தவிட்டுக்குருவிகள் ஒன்றாகக் கத்தின. "வர்றான், வர்றான்!"

ஆற்றின் மேற்கே, முன்பக்கம் உயர்ந்தும் பின்பக்கம் தாழ்ந்தும் கழுதைப்புலி வந்துகொண்டிருந்தது. மூக்கு தரையை ஒட்டியே இருந்தது. ஓட நேரமில்லை. மயிலாத்தாள் பூவாயியை வாரிக்கொண்டு நாணலுக்குள் புகுந்தாள். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு அவள் காலடியில் பதுங்கியது. காற்று கழுதைப்புலியின் பக்கமிருந்து இவர்கள் பக்கமாக வீசியது. அது ஒன்றுதான் அவர்களுக்குத் துணை.

கழுதைப்புலி கரையோரமாகவே வந்தது. பூவாயி மூடிய குழி வழியில்தான் இருந்தது. மயிலாத்தாள் பூவாயியின் வாயைப் பொத்தினாள். கழுதைப்புலி அந்தக் குழியின் மேலேயே கால் வைத்தது. நிற்கவில்லை. மோப்பம் பிடிக்கவில்லை. ஒன்றுமே இல்லாத மணலைக் கடப்பது போலக் கடந்து போய்விட்டது.

நேரே குன்றுப் பாறைக்கு ஏறியது. முந்தின நாள் விடியலில் பூனை போய்விட்டு வந்த இடத்தில் நின்றது. மூக்கை வைத்து நெடுநேரம் முகர்ந்தது.

"இங்கதான் இருக்கிறாள்," என்று அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது கீழேவரை கேட்டது. "நேத்து வந்திருக்கிறாள். குட்டி பக்கத்துலதான் இருக்கும்." பிறகு பாறை இடுக்குகளில் ஒவ்வொன்றாகத் தலையை விட்டுத் தேடத் தொடங்கியது.

அது தேடுகிற நேரத்தில் நால்வரும் சத்தமில்லாமல் குடிசைக்கு வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் செங்கோடன் வாசலில் விறகை அடுக்கித் தீ மூட்டினான். கழுதைப்புலி தூரத்தில் நின்று தீயைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

பூனை குட்டியை நக்காமல் வெறுமனே உட்கார்ந்திருந்தது.

"மயிலக்கா," என்றது. "அவன் தேடிக் கண்டுபிடிக்கலை. நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாலு எடம் மாத்தினேன். நாலு எடத்துலயும் மேடு தேடிப் போய், இங்க இருக்கிறேன், இங்க இருக்கிறேன்னு நானே சொல்லிட்டு வந்திருக்கிறேன்."

மயிலாத்தாள் அதன் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "தெரிஞ்சா செஞ்சே? நானும்தான் வாயில வந்ததைச் சொல்லிட்டு அஞ்சு நாள் அழுதேன்."

விடிந்ததும் பூனை பூவாயியின் முன்னால் வந்து உட்கார்ந்தது.

"பாப்பா, நேத்து நீ பண்ணினியே, அதை எனக்குக் கத்துக்கொடு."

பூவாயிக்குத் தலை கால் புரியவில்லை. இத்தனை நாளாக எல்லோரும் அவளுக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, பூனையையும் குட்டியையும் ஆற்றுக்கு அழைத்துப் போனாள்.

"மொதல்ல குழி," என்றாள். பூனை பறித்தது. "இல்லை, இன்னும் ஆழம். ஆங். இப்ப உக்காரு. நான் பாக்க மாட்டேன்." கையால் கண்ணை மூடிக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள். "போயிட்டியா? இப்ப மண்ணு தள்ளு. மோந்து பாரு. வருதா?"

"கொஞ்சம் வருது."

"அப்ப இன்னும் தூங்கலை. இன்னும் தள்ளு."

பூனை தள்ளியது. மோந்தது. மறுபடியும் தள்ளியது. வாசனை நின்ற பிறகுதான் பூவாயி அதை எழவிட்டாள்.

அதன் பிறகு தினமும் காலையில் மூவரும் போனார்கள். பூனைக்குக் காட்டிக்கொடுக்க வேண்டுமே என்று பூவாயி வயிற்றில் கொஞ்சம் அசைவு தெரிந்தாலும், "வா, வா, குழிக்குப் போகலாம்" என்று முந்திக்கொண்டு ஓடினாள். பாயிலும் அடுப்படியிலும் போவது நின்றது. மயிலாத்தாள் உடன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவசரப்படுத்த மாட்டாள்.

கழுதைப்புலி இன்னும் பத்து நாள் குன்றைச் சுற்றிச் சுற்றி வந்தது. பாறையில் இருந்த பழைய வாசனையும் வெயிலில் காய்ந்துபோனது. புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. இங்கே யாரும் இல்லை என்று முடிவு செய்துகொண்டு வேறு காட்டுக்குப் போய்விட்டது. அந்த ஒரு குட்டி பிழைத்து வளர்ந்தது. அது தாயான போது, தன் குட்டிகள் கண் திறந்து நடக்கத் தொடங்கியதும் அவற்றுக்கு முதலில் மணலைத்தான் காட்டியது.

பூனை இதைப் போய்ப் பெரிய வீட்டுச் சொந்தங்களிடமும் சொன்னது. புலி கொட்டாவி விட்டது. "நான் யாருக்குப் பயந்து மூட வேண்டும்?" என்றது சிறுத்தை. அவை இன்றும் நடுவழியில்தான் போகின்றன.

பூனை அப்படி இல்லை. அன்று முதல்தான் அது எங்கே இருந்தாலும் மண்ணைத் தேடிப் போய்க் குழி பறிக்கிறது, மூடுகிறது, மோந்து பார்த்து மறுபடியும் மூடுகிறது; கழுதைப்புலியே இல்லாத ஊரில், ஒரு பிடி மண் கூட இல்லாத மொட்டைமாடிச் சிமெண்டுத் தரையிலும், குட்டி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இல்லாத மணலைக் காலால் இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருக்கிறது.